கடல் தாண்டும் காசு: வாசகர் கேள்வி-பதில்

கிழக்குக் கரையில் கடல் அமைதியாகும் மாதங்கள் வந்துவிட்டன. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் உறவுகள் நிலாவெளிக்கு வருகின்றன. திருகோணமலையிலிருந்து சென்னைக்கும் மக்காவுக்கும் பாங்கொக்குக்கும் நம்மவர்கள் புறப்படுகிறார்கள். இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே பயணத்தில் கரையும் பணத்தைப் பற்றியவை. எந்த நாட்டில் எதைப் பார்க்கலாம் என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினால் எவ்வளவு போகும் என்று சொல்ல ஆள் குறைவு. ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கே: லண்டனிலிருந்து வந்து நிலாவெளியில் தங்கியிருக்கிறேன். ஹோட்டலில் அட்டையைப் போட்டதும் மெஷின் "பவுணா, ரூபாவா?" என்று கேட்டது. நம்ம காசுதானே என்று பவுணை அழுத்திவிட்டேன். சரியா?
(விடுமுறையில் வந்த வாசகி)

ப: அடுத்த முறை ரூபாவை அழுத்துங்கள் தங்கச்சி. எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுக் காசில் கட்டுவதுதான் முதல் விதி. பவுணைத் தெரிவுசெய்தால் மாற்று வீதத்தை முடிவு செய்வது உங்கள் வங்கியல்ல, அந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அது தன் இலாபத்தை வீதத்துக்குள் வைத்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000 ரூபா பில் 150 பவுண். மெஷின் 375 என்று வீதம் போட்டால் அதே பில் 160 பவுண். உங்கள் வங்கி 3 சதவீதம் கட்டணம் எடுக்கும் வங்கியாகவே இருந்தாலும், ரூபாவில் கட்டியிருந்தால் 154 பவுண் 50 பென்ஸோடு முடிந்திருக்கும். சில வங்கிகள் பவுணில் கட்டினாலும் "வெளிநாட்டில் நடந்த கொடுப்பனவு" என்று தங்கள் கட்டணத்தையும் எடுக்கும். அப்போது இரண்டு பக்கமும் இழப்பு.

இந்த மெஷின் கேள்விக்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டிருக்கிறது. 2019-இல் இயற்றப்பட்டு 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, அங்கே இப்படி மாற்றும்போது ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக எடுக்கிறோம் என்பதைக் காட்ட வேண்டும். நமக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் ரூபாவைத் தெரிவுசெய்யும் உரிமை இருக்கிறது.

கே: உள்ளூர்க் காசில் கட்டினால் கட்டணமே இல்லையா?
(ஆசிரியர், உவர்மலை)

ப: இருக்கிறது, ஆனால் குறைவு. வெளிநாட்டில் ஒரு தேநீர் வாங்கினாலும் மூன்று அடுக்குக் கணக்கு ஓடுகிறது. முதலாவது, வீசா அல்லது மாஸ்டர்காட் போடும் மாற்று வீதம். இது சந்தை விலைக்கு மிக அருகில் இருக்கும், இரண்டு நிறுவனங்களின் இணையத்தளங்களிலும் அன்றைய வீதத்தைப் பார்க்கலாம். இரண்டாவது, அதன்மேல் உங்கள் வங்கி வைக்கும் சதவீதம். கனடாவில் பெரும்பாலான அட்டைகளுக்கு இது 2.5. இந்தியாவில் பல அட்டைகளுக்கு 3.5, அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மூன்றாவது, அரசின் பங்கு. நம் நாட்டுக் கடனட்டையை வெளிநாட்டில் பயன்படுத்தினால் முத்திரைத் தீர்வையும் சேரும்.

முதலாவதை யாராலும் மாற்ற முடியாது. மூன்றாவதை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். இரண்டாவதுதான் நம் கையில் இருக்கிறது. இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர், புறப்படும் முன் இரண்டின் கட்டணப் பட்டியலையும் எடுத்துப் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். "வெளிநாட்டு நாணயக் கொடுப்பனவு" என்ற வரியை மட்டும் தேடினால் போதும்.

கே: கடனட்டையைப் போட்டு வெளிநாட்டு ஏ.ரி.எம்.மில் காசு எடுக்கலாமா?
(வியாபாரி, மத்திய வீதி)

ப: உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும். கடையில் கடனட்டையால் கட்டினால் தவணை நாள்வரை வட்டி இல்லை. காசாக எடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதோடு காசெடுக்கும் கட்டணம், மாற்றுக் கட்டணம், அந்த ஏ.ரி.எம். வைத்திருக்கும் வங்கியின் கட்டணம் எல்லாம் வரிசையில் நிற்கும். காசுக்கு டெபிட் அட்டை, கடைக்கும் ஹோட்டலுக்கும் கடனட்டை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கே: நண்பர்கள் பாங்கொக் போகிறோம். கையில் காசு நிறைய வைத்திருக்கப் பயம். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம் என்று நினைக்கிறோம்.
(இளைஞர், பாலையூற்று)

ப: தம்பி, தாய்லாந்தில் அந்த யோசனைதான் அதிகச் செலவு. அங்கே வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் குறைந்தது 220 பாட் எடுப்பது வழக்கம். நீங்கள் 1,000 பாட் எடுத்தாலும் 220, 10,000 பாட் எடுத்தாலும் 220. முதலாவது 22 சதவீத இழப்பு, இரண்டாவது 2.2 சதவீதம். நான்கு பேர் போகிறீர்கள் என்றால் ஒருவர் பெரிதாக எடுத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள், அடுத்த முறை மற்றவர் எடுக்கட்டும். கையில் டொலர் கொண்டுபோய் நகரத்துக்குள் நாணயமாற்றுக் கடையில் மாற்றுவது அங்கே பெரும்பாலும் மலிவு.

ஏ.ரி.எம். திரையில் இன்னொரு கேள்வி வரும்: "மாற்று வீதத்தை ஏற்கிறீர்களா?" ஏற்க வேண்டாம் என்பதை அழுத்துங்கள். காசு வராதோ என்று பலர் பயந்து ஏற்றுவிடுகிறார்கள். மறுத்தாலும் காசு வரும், மாற்றும் வேலை உங்கள் வங்கிக்குப் போகும், அவ்வளவுதான்.

கே: "கமிஷன் இல்லை" என்று போர்டு போட்ட நாணயமாற்றுக் கடைகளை நம்பலாமா?
(இல்லத்தரசி, அலஸ்தோட்டம்)

ப: போர்டைப் பார்க்காதீர்கள் அக்கா, இரண்டு எண்களைப் பாருங்கள். வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. அந்தக் கடையின் இலாபம் இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி. டொலரை 295-க்கு வாங்கி 310-க்கு விற்கும் கடை கமிஷன் எடுக்கவில்லைதான், ஆனால் ஒவ்வொரு டொலரிலும் 15 ரூபா எடுக்கிறது. இடைவெளி குறைந்த கடையே நல்ல கடை.

இலங்கையில் நாணயமாற்று செய்ய மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது கடையில் தெரியும்படி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மீனை வெட்டுமுன் விலை பேசுவதுபோல, நோட்டைக் கொடுக்குமுன் "மொத்தம் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேளுங்கள். வீதத்தைக் கேட்டால் வீதம்தான் சொல்வார்கள். மொத்தத்தைக் கேட்டால் எல்லாக் கழிவும் வெளியே வந்துவிடும்.

கே: உம்றாவுக்குப் போகிறோம். இங்கேயே ரியால் வாங்குவதா, டொலர் கொண்டுபோய் அங்கே மாற்றுவதா?
(குடும்பத் தலைவர், கிண்ணியா)

ப: சவூதி ரியால் 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. இதனால் உங்கள் கணக்கு எளிது நானா. இங்கே ரியால் விற்கும் விலையை 3.75-ஆல் பெருக்குங்கள். வரும் தொகை டொலர் விற்கும் விலையைவிடக் கூடுதலாக இருந்தால் டொலராக வாங்கிப் போங்கள், குறைவாக இருந்தால் ரியாலாகவே வாங்குங்கள். உதாரணமாக ரியால் 85 ரூபா என்றால் 318 ரூபா 75 சதம் வரும். அன்று டொலர் 310-க்குக் கிடைத்தால் டொலர்தான் மலிவு.

இறங்கிய நாளின் வாகனச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் கொஞ்சம் ரியாலை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களின் முழுப் பணத்தையும் ஒரே பையில் வைக்க வேண்டாம், கூட்டம் பெரிது.

கே: காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகபட்டினம் போய், சென்னையில் ஒரு மாதம் தங்கப் போகிறேன். அங்கே எல்லோரும் போனில்தான் காசு கட்டுகிறார்களாமே?
(பல்கலைக்கழக மாணவி, சாம்பல்தீவு)

ப: உண்மை. இளநீர்க் கடையிலும் கியூ.ஆர். அட்டை தொங்கும். இந்திய வங்கிக் கணக்கு இல்லாத வெளிநாட்டுப் பயணிகளுக்காக "யு.பி.ஐ. வன் வேர்ல்ட்" என்ற முன்கட்டணப் பணப்பை ஒன்று 2023-இல் ஜி20 மாநாட்டு ஆண்டில் தொடங்கப்பட்டது. கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்து, காசை ஏற்றி, கடைகளில் ஸ்கேன் செய்யலாம். ஒரு மாதம் தங்குபவருக்கு அது பயன்படும். அதில் காசு ஏற்றும்போது உங்கள் இலங்கை அட்டைக்குக் கட்டணம் விழும், ஆகவே இருபது தடவை ஏற்றாமல் கணக்குப் பார்த்து ஓரிரு தடவையாக ஏற்றுங்கள்.

2023 ஒக்டோபர் 14-இல் நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஓடத் தொடங்கியபின் பலர் இந்த வழியைத் தேர்கிறார்கள். துறைமுகத்தில் இறங்கியதும் நல்ல விலைக்கு மாற்றக் கடை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். முதல் நாள் செலவுக்கு வழி செய்துகொண்டு கப்பலேறுங்கள்.

கே: அப்பாவின் அலுமாரியில் பழைய இந்திய நோட்டுகளும் காகிதப் பவுண் நோட்டுகளும் இருக்கின்றன. கொண்டுபோகலாமா?
(வாசகர், திருக்கடலூர்)

ப: இந்தியாவின் பழைய 500, 1,000 ரூபா நோட்டுகள் 2016 நவம்பர் 8 நள்ளிரவோடு செல்லாதவையாகின. அவற்றைக் கொண்டுபோக வேண்டாம். 2,000 ரூபா நோட்டு 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது, கடைகள் எடுக்காது, ரிசர்வ் வங்கியின் அலுவலகம் வரை போக வேண்டும். பிரித்தானியாவின் காகித 20, 50 பவுண் நோட்டுகள் 2022 செப்ரெம்பர் 30-க்குப் பின் கடைகளில் செல்லாது. ஆனால் இங்கிலாந்து வங்கி அவற்றை இன்றும் மாற்றித் தருகிறது. அமெரிக்க டொலர் எந்த வருடத்து நோட்டும் சட்டப்படி செல்லும். கிழிந்ததையும் கிறுக்கியதையும் நாணயமாற்றுக்காரர் மறுப்பார், சுத்தமான நோட்டையே கொண்டுபோங்கள்.

கே: அந்தக் காலத்தில் எங்கள் தாத்தா இந்தியாவுக்குப் போகும்போது இந்த மாற்றுத் தொல்லை இருந்ததா?
(மாணவன், தம்பலகாமம்)

ப: இவ்வளவு இருக்கவில்லை. 1884-இல் ஒரியண்டல் வங்கி முறிந்தபின் இலங்கையில் நாணயச் சபை அமைந்தது. அதன் காலம் முழுவதும் இலங்கை ரூபா இந்திய ரூபாவோடு சம மதிப்பில் கட்டப்பட்டிருந்தது. 1914-இல் தலைமன்னார்–தனுஷ்கோடி கப்பல் ஓடத் தொடங்கியபோது, அக்கரையில் இறங்கியவருக்கு வீதத்தைப் பற்றிய கவலை இல்லை. 1950-இல் இலங்கை மத்திய வங்கி திறந்தபின் நாணயம் தனிவழி போனது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து அந்தக் கப்பல் வழியையும் முடித்தது. அந்தக் காலத்தவர் விலை கேட்காமலே மாற்றியிருக்கலாம். நீங்கள் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

கே: கப்பலில் வேலை. சம்பளம் டொலரில் வருகிறது. அதை ரூபாவாக்கி வைத்துவிட்டு, சிங்கப்பூரில் இறங்கும்போது இலங்கை அட்டையால் செலவு செய்கிறேன். எங்கேயோ இழக்கிறேன் என்று தோன்றுகிறது.
(மாலுமி, சீனக்குடா)

ப: உங்கள் சந்தேகம் சரி தம்பி. டொலரை ரூபாவாக்கும்போது ஒரு தடவை, ரூபாவைச் சிங்கப்பூர் டொலராக்கும்போது இன்னொரு தடவை என்று ஒரே சம்பளத்துக்கு இரண்டு முறை கட்டுகிறீர்கள். வீட்டுச் செலவுக்குத் தேவையானதை மட்டும் ரூபாவாக்குங்கள். மிச்சத்தைத் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே வையுங்கள். 2017-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் இந்தக் கணக்குக்கு வழி இருக்கிறது, வெளிநாட்டில் உழைத்த பணத்தை அதில் போடலாம். அந்தக் கணக்கோடு இணைத்த டெபிட் அட்டை தருகிறார்களா என்று உங்கள் வங்கியில் கேளுங்கள்.

சிங்கப்பூரில் கையில் டொலர் நோட்டு இருந்தால் ராஃபிள்ஸ் பிளேஸிலுள்ள ஆர்கேட் கட்டடமும் முஸ்தபா சென்டர் சுற்றுவட்டாரமும் நாணயமாற்றுக்குப் பெயர் பெற்றவை. கடைகள் நெருக்கமாக இருப்பதால் போட்டி இருக்கும், விலையும் நியாயமாக இருக்கும்.

கே: மகன் கட்டாரிலிருந்து உண்டியலில் அனுப்பினால் கட்டணமே இல்லை, வீதமும் கூட என்கிறான். செய்யலாமா?
(தாய், மூதூர்)

ப: வேண்டாம் அம்மா. வங்கிக்கு வெளியே ஆள்மூலம் அனுப்பும் இந்த உண்டியல் முறையில் பற்றுச்சீட்டு இல்லை. காசு வராவிட்டால் முறையிட இடமும் இல்லை. உங்கள் கணக்கில் யாரோ ஒருவர் காசு போடுவார், அந்த ஆள் போதைப்பொருள் வழக்கில் சிக்கினால் விசாரணை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும், கணக்கும் முடக்கப்படலாம். மகனின் நல்ல உழைப்பு அப்படி அகப்படக் கூடாது.

நாட்டுக்கும் இதில் பெரிய வலி இருந்தது. 2020-இல் சுமார் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம், வங்கி வீதத்துக்கும் உண்டியல் வீதத்துக்கும் இடைவெளி விரிந்ததால் 2022-இல் சுமார் 380 கோடியாக விழுந்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாமல் நாம் வரிசையில் நின்றோம். ரூபா மிதக்கவிடப்பட்டு இடைவெளி குறைந்தபின் 2024-இல் அது சுமார் 660 கோடிக்கு ஏறியது. மகனை இரண்டு மூன்று பணமனுப்பு நிறுவனங்களின் வீதத்தையும் கட்டணத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். "அம்மாவின் கையில் எத்தனை ரூபா வரும்?" என்பதே அவர் கேட்க வேண்டிய ஒரே கேள்வி.

கே: மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்தை அவுஸ்திரேலியாவுக்கு வங்கி வழியாக அனுப்பினோம். போய்ச் சேர்ந்தபோது சில டொலர் குறைவு என்று கடிதம் வந்தது. எங்கே போனது?
(பெற்றோர், கன்னியா வீதி)

ப: நடுவில் இருந்த வங்கி எடுத்திருக்கும். இங்கிருந்து போகும் பணம் நேராக அங்கே இறங்குவதில்லை, இடையில் ஒரு வங்கியோ இரண்டோ கைமாற்றி விடும், கைமாற்றிய கூலியைக் கழித்துக்கொள்ளும். அனுப்பும் படிவத்தில் "கட்டணங்களை யார் ஏற்பது?" என்று ஒரு கட்டம் இருக்கும். கல்விக் கட்டணம் என்றால் "அனுப்புபவர் எல்லாவற்றையும் ஏற்கிறார்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இங்கே கொஞ்சம் கூடக் கட்டுவீர்கள், ஆனால் மகளுக்கு முழுத்தொகை போகும். குறைந்த சில டொலருக்காக மறுபடி ஒரு முறை அனுப்பினால், அந்தச் சில டொலரைவிட அனுப்பும் கட்டணமே அதிகமாகும்.

கே: திருமணமாகி மலேசியா போகிறோம். ஹோட்டலில் முற்பணம் என்று டெபிட் அட்டையிலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு திருப்பித் தருவார்களாம். அதில் ஏதும் இழப்பா?
(புதுமணத் தம்பதி, உப்புவெளி)

ப: வாழ்த்துகள். முற்பணத்துக்குக் கடனட்டையையே கொடுங்கள். கடனட்டையில் அது வரம்பிலிருந்து ஒதுக்கி வைக்கும் தொகை மட்டுமே. டெபிட் அட்டையில் அது உங்கள் சொந்தக் காசு, விடுபட நாட்கள் ஆகும், அதுவரை பயணச் செலவுக்குத் தட்டுப்பாடு. "எடுக்காமல் ஒதுக்கி மட்டும் வையுங்கள்" என்று வரவேற்பில் சொல்லுங்கள். எடுத்துவிட்டுத் திருப்பினால் போகும்போது ஒரு வீதம், வரும்போது இன்னொரு வீதம். நடுவில் உள்ள வேறுபாடு உங்கள் தலையில்.

கே: லண்டனில் பாதாள ரயிலுக்கு ஒவ்வொரு தடவையும் அட்டையைத் தட்டினால் ஒவ்வொரு தடவையும் கட்டணம் விழுமா?
(ஓய்வுபெற்ற அதிபர், நிலாவெளி வீதி)

ப: விழாது ஐயா. லண்டன் போக்குவரத்து நிறுவனம் ஒரு நாளின் பயணங்களையெல்லாம் சேர்த்து ஒரே தொகையாகத்தான் எடுக்கும், அதற்கு நாள் உச்சவரம்பும் உண்டு. காலையிலிருந்து இரவுவரை ஒரே அட்டையையே தட்டுங்கள். அட்டையை மாற்றினால் வரம்பும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

கே: கனடாவிலிருந்து கோணேசர் கோயிலுக்கு வருகிறோம். எந்த அட்டை நல்லது? ரூபாவை அங்கேயே மாற்றிக்கொண்டு வரவா?
(வாசகர், ஸ்காபரோ)

ப: ரூபாவை அங்கே வாங்க வேண்டாம், நம் நாணயம் அங்கே அரிது, விலை கனமாக இருக்கும். கட்டுநாயக்காவில் இறங்கியதும் வங்கிக் கருமபீடங்கள் அருகருகே இருக்கின்றன, வீதம் பார்த்து மாற்றலாம். அட்டை விடயத்தில், வெளிநாட்டு மாற்றுக் கட்டணம் எடுக்காத அட்டைகள் கனடாவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கிடைக்கின்றன. பிரித்தானியாவில் ஸ்டார்லிங் வங்கியும், கனடாவில் ஸ்கோஷியா வங்கியின் பாஸ்போர்ட் கடனட்டையும் இதற்குத் தெரிந்த பெயர்கள். விதிகள் மாறக்கூடியவை, எடுக்கும் நாளில் படித்துப் பாருங்கள். அட்டை தபாலில் வர நேரம் எடுக்கும், டிக்கெட் போட்ட வாரமே விண்ணப்பியுங்கள்.

இன்டராக் குறி மட்டும் உள்ள டெபிட் அட்டை திருகோணமலையில் உதவாது. வீசா, மாஸ்டர்காட், பிளஸ், சிரஸ் என்று ஏதாவதொரு குறி அட்டையின் பின்புறம் இருக்க வேண்டும்.

கே: மதுரையிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம். எங்கள் யு.பி.ஐ. அங்கே வேலை செய்யுமா?
(வாசகர், மதுரை)

ப: 2024 பெப்ரவரி 12 முதல் இலங்கையில் அதற்கு வழி திறந்திருக்கிறது. லங்கா கியூ.ஆர். குறி உள்ள கடைகளில் முயன்று பாருங்கள். இரகசிய இலக்கத்தை அழுத்துமுன் உங்கள் செயலி இந்திய ரூபாவில் தொகையைக் காட்டும், அந்தத் தொகையைப் படித்துவிட்டு அழுத்துங்கள். எல்லாக் கடையிலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கோணேசர் கோயில் ஏறும் வழியில் அருச்சனைத் தட்டுக்கும், புறாத்தீவுப் படகுக்கும், கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் வாங்கும் பனங்கிழங்குக்கும் சில்லறை வேண்டும்.

கே: நகரத்தில் ஒரு கடையில் அட்டை கொடுத்தால் 3 சதவீதம் கூட என்கிறார்கள். இது சரியா?
(வாசகி, உப்புவெளி)

ப: சரியில்லை. அட்டை மெஷின் தரும் வங்கியோடு கடைக்காரர் செய்யும் ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. மெஷின் கட்டணம் கடையின் வியாபாரச் செலவு. பில்லில் அந்தத் தொகையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே 3 சதவீதம் மறைந்துவிடும். மறையாவிட்டால் பில்லோடு உங்கள் அட்டை வங்கிக்கு முறையிடுங்கள். வங்கியே பிழை விட்டு, முறையிட்டும் திருத்தாவிட்டால், மத்திய வங்கியின் நிதிநுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம். நம் ஊரிலேயே மத்திய வங்கிக்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

கே: வீட்டிலிருந்தே விமான டிக்கெட்டை இணையத்தில் வாங்கினேன். விலை ரூபாவில்தான் இருந்தது. ஆனாலும் வெளிநாட்டுக் கட்டணம் விழுந்திருக்கிறது!
(கணக்காளர், உட்துறைமுக வீதி)

ப: விலை எந்த நாணயத்தில் என்பது மட்டும் போதாது, விற்பவர் எந்த நாட்டில் பதிந்தவர் என்பதும் கணக்கு. வெளிநாட்டில் பதிந்த நிறுவனம் ரூபாவில் விலை காட்டினாலும் வங்கிக்கு அது எல்லை தாண்டிய கொடுப்பனவு. பெரிய தொகையென்றால் இலங்கையில் பதிந்த முகவரிடமும் விமான நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்திலும் அதே டிக்கெட்டின் விலையைக் கேளுங்கள். கட்டணங்களைச் சேர்த்த பிறகு எது குறைவோ அதை எடுங்கள்.

கே: புறப்படும் முன் வங்கியில் என்ன கேட்க வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
(வாசகர், குச்சவெளி)

ப: ஐந்து கேள்விகள். என் அட்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி திறந்திருக்கிறதா? நாளுக்கு எவ்வளவு வரம்பு? கடையில் கட்டினால் எத்தனை சதவீதம்? ஏ.ரி.எம்.மில் எடுத்தால் எவ்வளவு? தொலைந்தால் வெளிநாட்டிலிருந்து அழைக்க எந்த இலக்கம்?

வரம்பைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டு, டொலருக்கு 200 அளவிலிருந்து மே மாதத்துக்குள் 360 வரை போனபோது, வங்கிகள் அட்டைகளின் வெளிநாட்டு வரம்புகளை இறுக்கின. அட்டையை மட்டுமே நம்பிப் போனவர்கள் தவித்தார்கள். இரண்டு அட்டைகள் இரண்டு பைகளில், கொஞ்சம் டொலர் நோட்டு மூன்றாவது இடத்தில் இருக்கட்டும். உங்கள் இலங்கை சிம்முக்கு வெளிநாட்டில் குறுஞ்செய்தி வரும் வசதியையும் திறந்துகொள்ளுங்கள். ஓ.ரி.பி. வராவிட்டால் கணக்கில் கோடி இருந்தும் டிக்கெட் வாங்க முடியாது.

கே: இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமா? சுற்றுலா போவதே செலவு செய்யத்தானே?
(வாசகர், வெருகல்)

ப: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரும் செலவு வேறு, பொத்தானைப் பிழையாக அழுத்தியதற்கான செலவு வேறு. முதலாவது பிள்ளைக்கு மகிழ்ச்சி தருகிறது. இரண்டாவது யாருக்கும் எதுவும் தருவதில்லை. இதற்கு வேண்டியது கஞ்சத்தனம் அல்ல, திரையைப் படிக்கும் பத்து விநாடிப் பொறுமை.

கே: கடற்கரை ஹோட்டல் ஒன்றில் கருமபீடத்தில் வேலை செய்கிறேன். வெள்ளைக்காரர் அட்டை தந்தால் டொலரையோ பவுணையோ நானே அழுத்திவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஹோட்டலுக்கு அதில் ஒரு பங்கு வருமாம். மனம் உறுத்துகிறது.
(ஊழியர், உப்புவெளி)

ப: உறுத்த வேண்டிய இடத்தில் உறுத்துகிறது தம்பி, அதற்கு மதிப்புக் கொடுங்கள். எந்த நாணயம் என்று தெரிவுசெய்யும் உரிமை அட்டைக்காரருக்கு மட்டுமே உரியது. வீசாவின் விதியும் மாஸ்டர்காட்டின் விதியும் அதைத்தான் சொல்கின்றன. அவருக்குப் பதிலாக நீங்கள் அழுத்தியது தெரிந்து அவர் முறையிட்டால், அந்தப் பணத்தை மீட்டு எடுக்கும் வழி அவருக்கு இருக்கிறது. அப்போது கேள்வி வருவது உங்கள் ஹோட்டலுக்கு. இதை மேலாளரிடம் மரியாதையாக, பலர் முன்னால் அல்லாமல் தனியாகச் சொல்லுங்கள்.

மேலாளருக்கும் ஒரு வார்த்தை. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளில், ஒவ்வொரு பருவமாகக் காத்திருந்து இந்தக் கரைக்கு விருந்தாளிகளைத் திரும்பக் கூட்டிவந்திருக்கிறோம். வீட்டுக்குப் போய் வங்கிக் கணக்கைப் பார்க்கும் விருந்தாளி அங்கே நம் நேர்மையையும் சேர்த்துப் படிக்கிறார். மெஷின் பங்கில் கிடைக்கும் சில நூறு ரூபாவுக்காக, அடுத்த வருடம் அவர் அனுப்பவிருந்த நான்கு குடும்பங்களை இழக்க வேண்டாம்.

தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மெஷினை அவர் பக்கம் திருப்பி, "ரூபாவில் கட்டினால் உங்களுக்கு மலிவு" என்று சொல்லிவிட்டு, பொத்தானை அவரே அழுத்த விடுங்கள்.